பிலோமினா அக்காவின் இடைவேளை

கிளியனூரில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஏணி மேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. போனில் பேசியவர் பிலோமினா அக்காவின் தம்பி. "கஜா, அக்கா காலைல தவறிட்டாங்கப்பா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனவர், "ஞாயித்துக்கிழம பூசைக்கு வந்துடுவேன், மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன நேரத்துக்கு வராமல் இருந்ததே இல்லை அந்த மனுஷி. இப்போது மட்டும் என்ன கேடு வந்தது என்று ஏணியில் நின்றபடியே அவரைத் திட்டினேன். கல்யாண வீட்டில் அழக்கூடாது. ஸ்பீக்கரைக் கட்டி முடித்து, ஒரு நாதஸ்வர கேசட்டைப் போட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் அழுதேன்.

இதைப் படிக்கப்போகிற உங்களில் பெரும்பாலோர் அக்காவின் திரைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் நாலு பேர் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில், மாதா கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் பிலோமினா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். யாரோ நன்கொடையாகக் கொடுத்த புரொஜக்டர் ஒன்று அலுவலக பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்து, சனிக்கிழமை சாயங்காலங்களில் உப்பளத் தெருவிலும் கடற்கரைக் குப்பங்களிலும் சாமி படங்கள் காட்டத் தொடங்கினார். நான் மாரியம்மன் கோயில் தெருவில் மைக்செட் கடை வைத்திருப்பவன். ஸ்பீக்கர் என்னுடையது, படம் அவருடையது. என் லோடு ஆட்டோவில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போவோம், போகிற வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே.

சண்டை பெரும்பாலும் சத்தத்தைப் பற்றி. எனக்கு ஸ்பீக்கர் அலற வேண்டும். தொழில் அப்படி. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, "ஏம்பா கஜா, பரலோகத்துக்கா கேக்கணும்? இங்க உக்காந்து இருக்கறவங்களுக்குக் கேட்டா போதும், கொறை" என்பார். நான் குறைப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கொஞ்சம் ஏற்றுவேன். திரும்பிப் பார்க்காமலே கையைக் கீழே அசைப்பார்.

அவர் காட்டிய படங்களில் முக்கால்வாசி ராஜா கதைதான். ஒரு தீர்க்கதரிசி அரண்மனைக்குள் போய் ராஜாவைக் கண்டிப்பார். அல்லது ஒரு ராஜா துறவியின் காலில் விழுந்து எழுந்து, பிறகு நாட்டை ஆள்வார். எனக்குச் சலித்துப்போய் ஒருநாள் கேட்டேன், "புதுமை, அற்புதம்னு எவ்வளவோ படம் இருக்குது, ஏன்க்கா எப்பப் பாத்தாலும் ராஜா?" அவர் சொன்னார்: "சாமி கும்பிடறவன் கையில அதிகாரம் வந்தா இன்னா ஆவறான்னு பாக்கணும்பா. வர்ற வரைக்கும் எல்லாரும் நல்லவந்தான்." சொல்லிவிட்டு ஒயரைச் சுற்றத் தொடங்கினார். எனக்குத்தான் அன்று முழுக்க அது மண்டைக்குள் ஓடியது.

இரண்டாயிரத்து நாலு ஆடியில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றினார்கள். தெருப் பசங்களுக்கு அம்மன் படம் பார்க்க ஆசை. புரொஜக்டர் மாதா கோயிலுடையது. எப்படிக் கேட்பது என்று நான் இரண்டு நாள் அவர் அலுவலகத்துப் பக்கமே போகாமல் இருந்தேன். விஷயம் எப்படியோ காதுக்குப் போய், அவரே கடைக்கு வந்துவிட்டார். "இன்னா, வெக்கமா?" என்று கேட்டார். பங்குப் பேரவைச் செயலாளர் ஆரோக்கியம் மட்டும் முகம் சுளித்தார். "நம்ம திரையில அம்மன் படமா?" என்றார். அக்கா அவரிடம், "துணிக்கு இன்னாங்க மதம்? எந்தப் படம் காட்டினாலும் தொவைக்கறது ஒரே சோப்புலதான்" என்று சொல்லிவிட்டுத் திரையை மடித்து என் ஆட்டோவில் வைத்தார்.

அந்தப் படத்தில் ஊர்ப் பெரிய மனிதன் ஒருவன் ஏழைப் பெண்ணின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வான். எல்லாக் காரியத்தையும் அம்மன் பெயரைச் சொல்லித்தான் செய்வான். கடைசியில் அம்மனே அவன் முன்னால் வந்து நிற்பாள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். மறுநாள் எங்கள் வீட்டில் கூழ் குடிக்கும்போது, "அந்தப் படுபாவி செத்தது கூட எனக்குப் பத்தல கஜா" என்றார். என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

அந்த டிசம்பரில் கடல் ஏறி வந்தது. குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஓயாமல் அழுதுகொண்டிருக்கிறார்கள், ஏதாவது படம் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அக்கா அலமாரியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார். ஒட்டகமெல்லாம் வருகிற படம், பிள்ளைகள் முன்பு அதை ரசித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். படத்தின் கதை ஞாபகமில்லை. தெய்வ வாக்கை ஒரு ராஜா கேட்காமல் போகிறான், அதனால் அவன் நாட்டைக் கடல் கொண்டுபோகிறது. அதுதான் கதை. திரையில் அலை எழும்பியபோதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

யாரும் கத்தவில்லை. கன்னியப்பன் எழுந்து நின்றார். கட்டுமரக்காரர். சின்னப் பெண்ணைக் கடலுக்குக் கொடுத்தவர். "அக்கா, நிறுத்துங்க" என்றார். நிறுத்தினோம். "எந்த ராஜாவோ தப்பு பண்ணான்னா, எம் பொண்ணு இன்னாக்கா பண்ணா?" என்று கேட்டார். அதட்டிக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல் கேட்டார்.

வேறு யாராவது இருந்தால் கடவுள் சித்தம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அக்கா மைக்கை எடுத்தார். "தப்பு என்னுதுங்க. பாக்காம எடுத்தாந்துட்டேன். உங்க கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. மன்னிச்சிடுங்க" என்றார். பிறகு மைக்கைக் கன்னியப்பன் கையில் கொடுத்து, "நீங்க பேசுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துகொண்டார். கன்னியப்பன் தன் மகளைப் பற்றிப் பேசினார். வலையில் இருந்து இறாலைத் திருடி மண்ணுக்குள் புதைத்து வைப்பாளாம். பார்க்க வந்த அதிகாரிகள் வண்டியை விட்டு இறங்காமலே போனதைச் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் அவர் மனைவி மைக்கைக் கேட்டு வாங்கினாள். அன்று படத்தின் இரண்டாவது டிஸ்க்கை நாங்கள் பையை விட்டு எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது அக்கா ஆட்டோவில் என்னிடம் சொன்னார்: "படத்துல ராஜா பேசறாரு, தீர்க்கதரிசி பேசறாரு, சாமியே பேசுது. பாயில உக்காந்து இருக்கறவன் மட்டும் பேசறதில்ல. இது சரியில்ல கஜா."

அடுத்த படத்திலிருந்து இடைவேளை வந்தது. வீசிடி படம் என்றால் இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க் முடிந்ததும் மைக் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் கைக்குப் போகும். அக்காவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அந்த எடத்துல நீ இருந்தா இன்னா பண்ணியிருப்ப?" யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லாமல் மைக்கைக் கொடுக்கக்கூடாது. கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை இரண்டாவது டிஸ்க் ஏறாது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆம்ப்ளிஃபயர் சூடாகிறதே என்று முணுமுணுப்பேன். போகப்போக, முதல் டிஸ்க் எப்போது முடியும் என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன். கூனிமேட்டிலிருந்து கருவாடு வாங்க வருகிற ஷரீஃப் பாய் ஒருநாள் மைக்கைப் பிடித்து, "அல்லா பேர சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தா, நான் மொதல்ல அவன் தராசத்தான் பாப்பேன்" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது.

இரண்டாயிரத்து ஆறில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஆரோக்கியம் ஒரு புதுப் படத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். கூட ஒரு வேட்பாளரின் ஆள். வெள்ளைச் சட்டை, நல்ல செண்டு வாசனை. நான் அங்கேதான் ஒரு மைக்கைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தை எல்லாத் தெருவிலும் போட வேண்டும், முதலில் உப்பளத் தெரு, நடுவில் இவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார் ஆரோக்கியம். தெய்வ பக்தி உள்ளவன்தான் நாட்டை ஆள வேண்டும் என்பது படத்தின் கருத்தாம். வேட்பாளரும் பக்திமானாம்.

அக்கா படத்தை வாங்கிக்கொண்டார். மறுநாள், "பாத்துட்டேங்க. நல்ல படந்தான். காட்டறேன். நடுவுல யார் வேணா பேசலாம், அவரும் பேசலாம். அங்க வழக்கம் இன்னான்னு மட்டும் அவருக்குச் சொல்லிடுங்க" என்றார்.

"வழக்கமெல்லாம் இந்தத் தடவ வேணாம்மா. அவரு பேசுவாரு, நீங்க அடுத்த டிஸ்க்கப் போடுங்க. புரொஜக்டர் யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார் ஆரோக்கியம்.

சனிக்கிழமை ஆட்டோவில் போகும்போது நான் கெஞ்சினேன். "ஒரு நாள் இடைவேளைய விட்டா இன்னாக்கா கெட்டுப்போவுது? பொட்டியப் புடுங்கிடுவாங்க." அக்கா புரொஜக்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "பொட்டி போனா போவட்டும்னு வீராப்பா சொல்ல எனக்கு வராதுப்பா. இது இல்லன்னா சனிக்கிழம சாயந்திரம் நான் இன்னா பண்ணுவேன்? பயமாத்தான் இருக்குது" என்றார். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

உப்பளத் தெருவில் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் கலந்து இருக்கிறார்கள். ஒரே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள். அன்றைக்கு நாங்கள் போனபோது பாய்கள் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தன. நடுவில் ஆள் நடந்து போகிற அளவுக்கு மணல் தெரிந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. இது யாருடைய படம், யாருக்கு ஓட்டுக் கேட்கிற படம் என்ற பேச்சு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அக்கா அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரையைக் கட்டப் போனார்.

படத்தில் இரண்டு இளவரசர்கள். மூத்தவன் விடிந்ததும் எழுந்து முழங்காலில் நின்று ஜெபம் செய்வான். அதைப் பார்த்த துறவி அவன் தலையில் எண்ணெய் வார்த்து ராஜாவாக்குவார். ராஜாவானதும் அவன் முதலில் செய்கிற வேலை, ஜனங்கள் தண்ணீர் எடுக்கிற ஏரியை அடைத்து அரண்மனைத் தோட்டத்துக்குத் திருப்புவது. அதோடு முதல் டிஸ்க் முடியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைச் சட்டைக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். வழக்கத்தை ஆரோக்கியம் அவரிடம் சொல்லவில்லை. படத்தையும் அவர் பார்த்திருக்கவில்லை, ஜெபம் செய்கிற இளவரசன் ராஜாவாகிறான் என்று ஆரோக்கியம் சொன்னது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மைக்கை வாங்கி, "அன்பார்ந்த தாய்மார்களே" என்று தொடங்கினார். "ஜெபம் பண்ற மூத்த இளவரசர பாத்தீங்க. எங்க வேட்பாளரும் அப்பிடித்தான். அந்த ராஜா செஞ்சத எல்லாம் அவரும் இந்தத் தொகுதிக்குச் செய்வாரு!" என்றார்.

எங்கள் ஜனங்களுக்கு அவர் வேட்பாளரின் ஆள் என்பது தெரியும். ஆனால் இடைவேளையில் மைக்கைப் பிடித்தவரிடம் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். உப்பு வாருகிற அஞ்சலை எழுந்தாள். மாரியம்மன் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவள். குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று நின்றே பாதி வயது போனவள். "ஏரிய அடைச்சாரே, அந்த ராஜாவாங்க?" என்று கேட்டாள்.

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "ஆமாம்மா, அவரேதான்!" என்றார்.

"அப்ப லாரித் தண்ணியும் நின்னுடுமா?" என்றது மாதா பக்கத்துப் பாயிலிருந்து ஒரு கிழவரின் குரல்.

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பில் ஒரு பிள்ளை இந்தப் பாயிலிருந்து அந்தப் பாய்க்கு உருண்டு போனது, அதைத் தூக்க அதன் அம்மா போனாள், போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சட்டைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. மைக்கைக் கீழே வைக்கப் போனவரை அக்கா விடவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க படம் பாக்கலன்னு தெரியுதுங்க, பரவால்ல. ராஜா ஏரிய அடைச்சிட்டாரு. அந்த எடத்துல நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அந்த மனிதர் யோசித்தார். "தொறந்து வுட்டுடுவேங்க" என்றார். குரலே மாறிவிட்டது. "எங்க ஊருலயும் தண்ணி கஷ்டந்தான்." அதற்குக் கைதட்டினார்கள். அஞ்சலைதான் முதலில் தட்டினாள். அக்கா அவருக்கு டீ வாங்கிவரச் சொல்லி, முன்பாயில் உட்கார வைத்து இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார். அதில் ராஜா மனம் திருந்தி ஏரியைத் திறந்துவிட்டு அழுவான். அக்காவும் அழுதார். படம் உண்மையிலேயே அவருக்குப் பிடித்திருந்தது.

எனக்கு ஒரே கொண்டாட்டம். "செம அடிக்கா!" என்று ஆட்டோவில் கத்தினேன். அவர் கடிந்துகொண்டார். "யாரையும் அடிக்கறதுக்கு நான் படம் காட்டல. சாமி அரசியலுக்கு வரக்கூடாதுன்னும் நான் சொல்லல கஜா. அந்தத் தீர்க்கதரிசிங்க எல்லாம் இன்னா பண்ணாங்க? வரட்டும். ஆனா வந்தா பதில் சொல்லணும். மைக்க வாங்கிப் பேசிட்டு ஓடிடக்கூடாது."

திங்கட்கிழமை புரொஜக்டரைக் கேட்டார்கள். தேர்தல் முடிகிற வரைக்கும் என்று சொன்னார்கள். அக்கா லென்ஸைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, திரையைத் துவைத்துக் காயவைத்து மடித்து, எல்லாவற்றையும் அவரே பீரோவில் வைத்துச் சாவியை ஆரோக்கியத்திடம் கொடுத்தார். தேர்தல் முடிந்தது. முடிவும் வந்தது. பீரோ திறக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு புரொஜக்டர் எடுத்துத் தருகிறேன் என்று நான் குதித்தேன். "கோயில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு ஆயிடும். வேணாம்" என்றுவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இருட்டியதும் எழுந்து போவார். எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று என் மனசு சொல்கிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அடக்கத்துக்கு உப்பளத் தெரு முழுக்க வந்தது. கன்னியப்பன் குடும்பத்தோடு வந்தார். ஆரோக்கியமும் வந்தார், தூக்கிச் செல்பவர்களில் ஒருவராகத் தோள் கொடுத்தார், அதற்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று கட்சிக்காரர்கள் மாலை கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் முதல் கட்சிக்காரர், "அக்கா வெளிய சொல்லிக்க மாட்டாங்க, ஆனா நம்ம ஓட்டுதான்" என்றார். இரண்டாமவர், "எங்ககிட்ட அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். மூன்றாமவர் வெள்ளைச் சட்டைக்காரர். அவர், "எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்களே, எங்களுக்குத்தான் போட்டிருப்பாங்க" என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் கூடவே போய் வந்தவனுக்குத் தெரியாதா என்று.

எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியவில்லை, அஞ்சலைக்கும் தெரியவில்லை. நான் ஒவ்வொரு தேர்தலிலும் அவரைக் கேட்டிருக்கிறேன், நச்சரித்திருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவார். அந்த வாசலில் நின்றபோதுதான் இன்னொன்று புரிந்தது. நீ யாருக்குப் போட்டாய் என்று அவர் என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. யாரையுமே கேட்டதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். கடைசி வரை காப்பாற்றுவேனா என்று தெரியாது, வாய் அப்படிப்பட்டது. போன வாரம் ஓர் ஆள் கடைக்கு வந்து கூட்டத்துக்கு மைக்செட் வேண்டும் என்றார். புது முகம். நெற்றியைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்க வாய் திறந்துவிட்டது.

"எத்தன ஸ்பீக்கருங்க வேணும்?" என்று கேட்டேன்.